கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் சைலண்ட் வேலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கணவாய்க்குக் கிழக்கே இருக்கும் நமக்கு, சைலண்ட் வேலி என்றதும் ஒரு மழைக்காடும் சிங்கவால் குரங்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தக் காடு அணைநீரில் மூழ்காமல் நின்றதற்குக் காரணமான அமைப்புகளுள் முதன்மையான ஒன்றின் பெயர் அவ்வளவு எளிதில் நினைவுக்கு வருவதில்லை. கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அந்த அமைப்பைப் பற்றித் தமிழ் வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே உள்ளன. இது பரிஷத்தின் சார்பில் எழுதப்பட்டதல்ல. அதன் பணியை மதிப்பவரின் பார்வையில், அதன் மீதான குறைகளையும் மறைக்காமல் எழுதப்பட்டது.

பரிஷத் ஒரு சுற்றுச்சூழல் அமைப்பா, அறிவியல் அமைப்பா?

பெயரைப் பார்த்தால் அறிவியல் அமைப்பு. செய்த வேலையைப் பார்த்தால் இரண்டும். பரிஷத்தைப் பொறுத்தவரை இவை இரண்டும் வேறு வேறு அல்ல. ஓர் ஆற்றின் குறுக்கே அணை கட்டலாமா, ஓர் ஆலையின் கழிவை எங்கே விடுவது என்பவை எல்லாம் அறிவியல் தெரிந்தவர்கள் மட்டும் கூடிப் பேசி முடிக்க வேண்டிய விஷயங்கள் அல்ல, அந்த அறிவியலை ஊர்மக்களின் கையில் கொடுத்துவிட்டு அவர்களையும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டியவை என்பதுதான் அதன் அடிப்படை நிலைப்பாடு. காட்டைக் காப்பதற்காகவே பிறந்த இயக்கங்கள் கேரளத்தில் வேறு பல உண்டு. அறிவியலைப் பரப்பப் பிறந்து, அந்த வழியில் நடந்து காட்டுக்குள் வந்து சேர்ந்த இயக்கம் இது.

பெயரில் ‘சாகித்யம்’ எப்படி வந்தது?

சாகித்யம் என்றால் இலக்கியம். ‘அறிவியல் இலக்கியப் பேரவை’ என்று தமிழில் சொல்லலாம். மலையாளத்தில் அறிவியல் எழுதுபவர்கள் ஒன்றுகூடி 1962 செப்டம்பர் 10 அன்று கோழிக்கோட்டில் இதைத் தொடங்கினார்கள். கல்வியாளரும் எழுத்தாளருமான பி.டி. பாஸ்கரப் பணிக்கர், விலங்கியல் பேராசிரியர்களான கே. பாஸ்கரன் நாயர், கே.ஜி. அடியோடி போன்றவர்கள் முன்னின்றார்கள். ஆங்கிலத்தில் அடைபட்டுக் கிடந்த அறிவியலை மலையாளத்தில் படிக்கவும் பேசவும் முடிகிறபடி எழுதுவது அப்போதைய நோக்கம். அணை, போராட்டம் என்ற எண்ணம் எதுவும் அன்று இல்லை. கலைச்சொல் எப்படி அமைய வேண்டும், குழந்தைகளுக்கு அணுவை எப்படி விளக்குவது என்ற கவலைகள்தான் இருந்தன.

எழுத்தாளர் வட்டமாக இருந்தது எப்படி ஊர்தோறும் பரவியது?

தொடக்கத்தில் அறிவியல் எழுதுபவர்கள் மட்டுமே உறுப்பினர்கள். சில ஆண்டுகளிலேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டார்கள். பள்ளி ஆசிரியர், மின்வாரியப் பொறியாளர், வங்கி ஊழியர், மாணவர் என ஆர்வம் உள்ள யாரும் சேரலாம் என்றானது. ‘யூணிட்’ என்று அவர்கள் சொல்லும் ஊர்க்கிளைகள் முளைத்தன. 1966இல் பெரியவர்களுக்காகச் ‘சாஸ்திரகதி’, 1969இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காகச் ‘சாஸ்திரகேரளம்’, 1970இல் சிறுவர்களுக்காக ‘யுரீக்கா’ என்று மூன்று இதழ்கள் அடுத்தடுத்து வந்தன. ஒரு வீட்டில் அப்பாவும் அக்காளும் தம்பியும் ஆளுக்கோர் இதழைப் படிக்கும்படியான ஏற்பாடு அது. பிறகு அணைக்கு எதிராகப் பேச வேண்டிய நேரம் வந்தபோது, கேட்க ஏற்கெனவே பழகிய காதுகள் மாநிலம் முழுவதும் இருந்ததற்கு இந்த இதழ்களே காரணம்.

1970களில் ‘அறிவியல் சமூகப் புரட்சிக்கே’ என்ற முழக்கத்தைப் பரிஷத் ஏற்றது. 1980இலிருந்து ‘சாஸ்திர கலா ஜாதா’ என்ற கலைப் பயணமும் தொடங்கியது. பாட்டும் குறுநாடகமும் வில்லுப்பாட்டும் கலந்த நிகழ்ச்சிகளை, மேடை போடாமல், கடைத்தெருவிலும் பள்ளித் திடலிலும் நடத்திக்கொண்டே ஊர் ஊராகப் போவார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் துண்டு விரித்துக் காசு கேட்க மாட்டார்கள். பையைத் திறந்து புத்தகம் விற்பார்கள்.

சுற்றுச்சூழல் பக்கம் முதலில் திரும்பியது எதனால்?

ஆறும் வயலும் கெட்டதால். கோழிக்கோட்டுக்கு அருகே மாவூரில் இயங்கிய ரேயான் கூழ் ஆலையின் கழிவால் சாலியாற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஆலைப் புகையைக் கரையோர மக்கள் மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதே காலத்தில், கடல் மட்டத்துக்கும் தாழ்வாக நெல் விளையும் குட்டநாட்டில், உப்புநீர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கத்தில் கட்டிய தடுப்பணை வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது: உப்பு நின்றது, ஆனால் நீரோட்டமும் நின்று, பாசியும் ஆகாயத்தாமரையும் மண்டி, மீன்வளம் குறைந்தது. இந்த இரண்டு இடங்களிலும் பரிஷத்தினர் நேரில் போய்ப் பார்த்து, விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் கேட்டு, தாங்கள் கண்டதை எழுதினார்கள். ஒரு திட்டத்தின் வரவு ஒரு பக்கமும் செலவு வேறொருவர் தலையிலும் விழுகிறது என்ற பாடத்தை அவர்கள் கற்றது இங்கேதான். சைலண்ட் வேலிக்கு அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை.

சைலண்ட் வேலி எங்கே இருக்கிறது? அங்கே என்ன கட்டத் திட்டமிட்டார்கள்?

பாலக்காடு மாவட்டத்தில், நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்குச் சரிவில் இருக்கிறது. மக்கள் வழக்கில் அது சைரந்திரி வனம். சைரந்திரி என்பது, விராட நகரில் மறைந்து வாழ்ந்தபோது திரௌபதி வைத்துக்கொண்ட பெயர். காட்டின் நடுவே ஓடும் ஆறு குந்திப்புழை. ஆங்கிலப் பெயருக்குச் சொல்லப்படும் காரணங்களில், அங்கே சிள்வண்டுகளின் இரைச்சல் இல்லை என்பது பரவலானது. ஆனால் அங்கே போய்வந்தவர்கள் சிள்வண்டைக் கேட்டதாகவே சொல்கிறார்கள்.

குந்திப்புழை உயரமான பள்ளத்தாக்கில் ஓடிவந்து, குறுகிய ஓரிடத்தில் சமவெளியை நோக்கிச் சரிகிறது. அணை கட்டுபவர்களுக்கு இப்படிப்பட்ட இடம் உடனே கண்ணில் படும். ஆங்கிலேயர் காலத்திலேயே அந்த இடத்தைக் குறித்துவைத்தார்கள். 1958இல் ஆய்வு நடந்தது. 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. சுமார் 130 மீட்டர் உயர அணை, முதற்கட்டமாக 120 மெகாவாட் மின்சாரம், சமவெளியில் பாசனம் ஆகியவை கேரள மாநில மின்வாரியத்தின் திட்டம். மூழ்கும் பரப்பு 8.3 சதுர கிலோமீட்டர்.

முழுப் பள்ளத்தாக்கில் அது சிறு பகுதிதானே? எதற்கு இவ்வளவு எதிர்ப்பு?

அன்றும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மீதிக் காடு அப்படியே இருக்கும், பத்தில் ஒரு பங்குதான் மூழ்கும் என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்னார்கள். காட்டை ஒரு துணிபோல நினைத்து, ஓரத்தில் ஒரு முழம் கிழித்தால் என்ன என்று கேட்பது இது. மூழ்கவிருந்தது ஓரம் அல்ல, ஆற்றங்கரை. மழைக்காட்டின் செழிப்பான பகுதி அதுதான். மேலும், அணை தனியாக வருவதில்லை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், அவர்களுக்குக் குடியிருப்பு, விறகு, லாரிக்குச் சாலை, சாலைக்குப் பின்னால் மரம் வெட்டுபவர்கள், அவர்களுக்குப் பின்னால் நிலம் பிடிப்பவர்கள் என்று வரிசையாக வருவதைக் கேரளம் முன்பே பல அணைகளில் பார்த்திருந்தது.

சிங்கவால் குரங்கைப் பற்றி ஒரு சொல். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இந்தக் குரங்கு, தரையில் அதிகம் இறங்குவதில்லை. மரக்கிளை வழியாகவே வாழ்ந்துவிடும். முள் பொதிந்த வெடிப்பலாவின் காய்களும் பூக்களும் அதன் முக்கிய உணவு. காடு துண்டுபட்டால் கூட்டங்களும் துண்டுபடும். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1978இலேயே இதற்காகத் தீர்மானம் போட்டது. ஆனால் பரிஷத் தன் வாதத்தைக் குரங்கின் மேல் மட்டும் ஏற்றிவைக்கவில்லை. ‘குரங்கு வேண்டுமா, மனிதனுக்குக் கரண்ட் வேண்டுமா’ என்ற கேள்விக்கு முன்னால் குரங்கு வெல்லாது என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே கரண்டைப் பற்றியே பேசப் போனார்கள்.

1979இல் பரிஷத் வெளியிட்ட ஆய்வில் என்ன இருந்தது?

தாவரவியல் பேராசிரியரான எம்.கே. பிரசாத் சாஸ்திரகதியில் எழுதிய கட்டுரையோடு பரிஷத்துக்குள் விவாதம் சூடு பிடித்தது. அதன் பிறகு ஐந்து பேர் உட்கார்ந்து ஓர் ஆய்வறிக்கை தயாரித்தார்கள்: பிரசாத், அணுசக்தித் துறைப் பொறியாளர் எம்.பி. பரமேஸ்வரன், மின்பொறியியல் அறிஞர் வி.கே. தாமோதரன், வேளாண் அறிவியலாளர் கே.என். சியாமசுந்தரன் நாயர், பொருளியலாளர் கே.பி. கண்ணன். ஒரே அறிக்கையில் தாவரவியலாளரும் மின்பொறியாளரும் பொருளியலாளரும் கையெழுத்துப் போட்டிருப்பதுதான் அதன் பலம். காட்டைப் பற்றிப் பேசுபவருக்கு மின்சாரம் தெரியாது என்று தள்ளிவிட வழியில்லாமல் போனது.

திட்டத்தை ஆதரித்தவர்களின் முதன்மையான வாதம், வட கேரளமான மலபார் பின்தங்கியிருக்கிறது, அதற்கு மின்சாரம் வேண்டும் என்பது. மலபார் பின்தங்கியிருப்பது உண்மை என்று அறிக்கை ஒப்புக்கொண்டது. ஆனால் இடுக்கி நிலையம் 1976இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு கேரளம் தன் உபரி மின்சாரத்தை அண்டை மாநிலங்களுக்கு விற்றுக்கொண்டிருந்த காலம் அது. மின்சாரம் இருந்தும் மலபாருக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததற்குக் காரணம் கம்பி. மின்கடத்தும் பாதைகளைப் பலப்படுத்தி, வழியில் வீணாவதைக் குறைத்தால் பற்றாக்குறையில் பெரும்பகுதி தீரும். வருங்காலத் தேவைக்கு மழையை மட்டும் நம்பாமல் அனல்மின் நிலையமும் அமைக்கலாம். அணையால் கிடைக்கும் என்ற வேலைவாய்ப்பில் பெரும்பங்கு கட்டுமானம் முடிந்ததும் முடிந்துவிடும். இவ்வாறு ஒவ்வொரு வாதத்தையும் எதிராளியின் எண்களைக் கொண்டே எடைபோட்டது அந்த அறிக்கை. அனல்மின்சாரத்தை அவ்வளவு எளிதாகப் பரிந்துரைத்தது இன்றைய கண்ணுக்கு நெருடும்தான். நிலக்கரிப் புகையைப் பற்றிய கவலை அன்று இவ்வளவு இல்லை.

கேரளத்தில் இதை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?

ஏற்கவில்லை. ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, தொழிற்சங்கம், மலபார் வட்டாரத் தலைவர்கள் எல்லாரும் அணை வேண்டும் என்ற ஒரே பக்கத்தில் நின்றார்கள். கேரளத்தில் எல்லாக் கட்சிகளும் ஒத்துப்போவது அபூர்வம். அது நடந்தது இந்த ஒரு காட்டை மூழ்கடிப்பதற்காக. எதிர்த்தவர்களை வளர்ச்சியின் எதிரிகள் என்றார்கள், வெளிநாட்டு உளவுக்கு வேலை செய்பவர்கள் என்றார்கள். பரிஷத்துக்குள்ளும் பிணக்கு இருந்தது. மின்வாரியத்தில் வேலை பார்த்த உறுப்பினர்களும், கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட உறுப்பினர்களும் இருந்தார்கள். விவாதித்து விவாதித்தே அமைப்பு ஒரு முடிவுக்கு வந்தது. வந்த பிறகு, கையெழுத்து வாங்கவும், பள்ளி கல்லூரிகளில் பேசவும், துண்டறிக்கை கொடுக்கவும் அதே யூணிட்டுகள்தான் இறங்கின.

அணை எப்படி நின்றது?

ஒரே நாளில் நிற்கவில்லை. பல முறை நிற்பதுபோலத் தெரிந்து மறுபடியும் எழுந்தது. 1976இல் இயற்கையியலாளர் சஃபர் ஃபதேஹல்லி தலைமையிலான பணிக்குழு, திட்டத்தைக் கைவிடலாம், முடியாதென்றால் பாதுகாப்பு நிபந்தனைகளோடு செய்யலாம் என்றது. இரண்டாவது வழியைக் கேரள அரசு பிடித்துக்கொண்டது. மொரார்ஜி தேசாயின் அரசு ஒப்புதல் தந்தது. எதிர்த்துத் தொடுத்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் 1980 ஜனவரியில் தள்ளுபடி செய்தது. அத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள்.

அதே ஜனவரியில் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானார். வேலையை நிறுத்தி வைக்கும்படி மாநிலத்தைக் கேட்டுக்கொண்டார். அறிவியலாளர் எம்.ஜி.கே. மேனன் தலைமையில் மத்திய, மாநிலப் பிரதிநிதிகள் அடங்கிய குழு அமைந்தது. சூழலியலாளர் மாதவ் காட்கில் அதில் ஓர் உறுப்பினர். அந்தக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது 1984 நவம்பர் 15 அன்று. இந்திரா காந்தி கொல்லப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. 1985 செப்டம்பர் 7 அன்று ராஜீவ் காந்தி பூங்காவை முறைப்படி தொடங்கிவைத்தார். பரப்பு 89.52 சதுர கிலோமீட்டர்.

இந்த வெற்றி பரிஷத்துடையது மட்டும்தானா?

இல்லை, அப்படிச் சொல்வது அநியாயம். கவிஞர் சுகதகுமாரியும் அவரோடு நின்ற எழுத்தாளர்களும் இல்லாமல், காடு என்பது மரக்கணக்கு அல்ல என்ற உணர்வு மலையாளிகளிடம் எழுந்திருக்காது. ஓ.என்.வி. குறுப்பு போன்ற கவிஞர்கள் மேடையேறிப் பாடினார்கள். பறவையியலாளர் சாலிம் அலி தில்லிக்கு எழுதினார். சூழல் ஆர்வலர் ஜான் சி. ஜேக்கப் மாணவர்களைக் காட்டுக்குள் அழைத்துப்போய்க் காட்டினார். பம்பாயிலும் சென்னையிலும் ஆதரவுக் குரல்கள் எழுந்தன. இறுதி முடிவு தில்லியில் ஒரு பிரதமரின் மேசையில் நடந்தது என்பதையும் மறுக்க முடியாது. கவிஞர்கள் நெஞ்சைத் தொட்டார்கள். பரிஷத் கணக்கைக் கையில் கொடுத்தது. இரண்டில் எது பெரிது என்ற வாதம் கேரளத்தில் இன்னும் ஓயவில்லை, ஓயத் தேவையும் இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்கு என்ன தொடர்பு?

நிலவியல் தொடர்பு முதலாவது. பூங்காவின் வடக்கே நம் முக்கூர்த்தி தேசியப் பூங்கா தொடங்குகிறது. இரண்டும் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதிகள். அன்று மத்திய வேளாண் துறைச் செயலராக இருந்த எம்.எஸ். சுவாமிநாதன் நேரில் பார்த்துவிட்டு, சைலண்ட் வேலியின் 89.52 சதுர கிலோமீட்டரோடு கேரளத்தின் புதிய அமரம்பலம் 80, அட்டப்பாடி 120, தமிழ்நாட்டின் குந்தா 100 ஆகியவற்றையும் சேர்த்து 389.52 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டுக் காப்பகம் அமைக்கலாம் என்று பரிந்துரைத்தார். மாநில எல்லை காட்டுக்குத் தெரியாது என்பதைத் தாளில் எழுதிவைத்த பரிந்துரை அது.

அமைப்பு வழித் தொடர்பு இரண்டாவது. 1980இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பரிஷத்தின் உடன்பிறப்புப் போன்றது. யுரீக்கா படித்த கேரளச் சிறுவர்களைப் போல, இங்கே ‘துளிர்’ படித்து வளர்ந்தவர்கள் உண்டு. எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதன் பின்னணியில் பரிஷத்தின் தொண்டர்கள் இருந்தார்கள். அந்த அனுபவம்தான் அறிவொளி இயக்கமாகப் புதுக்கோட்டையிலும் மற்ற மாவட்டங்களிலும் நடந்தது.

அணை வேண்டாம் என்றவர்கள் எரிபொருளுக்கு என்ன வழி காட்டினார்கள்?

அடுப்பங்கரைக்குப் போனார்கள். இந்த இயக்கத்தின் நேர்மையை அளக்க விரும்புபவர்கள் அறிக்கைகளைவிட இதைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்வது எளிது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் எரிய நிற்கும் பெண்ணிடம் போய்க் காட்டைக் காக்கச் சொல்வது எளிதல்ல. 1980களில் ‘பரிஷத் அடுப்பு’ வந்தது. காற்று சரியான அளவில் உள்ளே போகும்படி அறை அமைத்து, ஒரே தீயில் இரண்டு பாத்திரம் வேகும்படி வைத்து, புகையைக் குழாய் வழியாகக் கூரைக்கு மேலே கொண்டுபோகும் அடுப்பு அது. விறகு குறைவாக எரியும், சமையலறைச் சுவர் கறுக்காது. தொண்டர்கள் வீடு வீடாகப் போய்த் தாங்களே கட்டிக் கொடுத்தார்கள். அளவு சற்றுப் பிசகினாலும் அடுப்பு புகையும் என்பதால், கட்டுவதற்கென்று பயிற்சி தேவைப்பட்டது.

அதைவிட எளியது ‘சூடாறாப்பெட்டி’. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. மூடியுள்ள பெட்டிக்குள் சூடு வெளியேறாத பொருளை அடைத்து, நடுவே பானை உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். கேரளத்துப் புழுங்கலரிசி வேக நேரம் பிடிக்கும். அரிசியை உலையிலிட்டு நன்றாகக் கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பானையை மூடியோடு பெட்டிக்குள் வைத்து அடைத்துவிட வேண்டும். உள்ளிருக்கும் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். வடிப்பது மட்டும்தான் பாக்கி. குழையாது, அடிபிடிக்காது, வேலைக்குப் போகும் பெண் காலையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நம் பாட்டிமார் வைக்கோலில் பானையைப் பொதிந்து வைத்ததன் தொடர்ச்சிதான் இது. இவற்றையும் இன்னும் பல கருவிகளையும் உருவாக்கி மேம்படுத்தப் பாலக்காட்டுக்கு அருகே முண்டூரில் ஊரகத் தொழில்நுட்ப மையம் ஒன்றைப் பரிஷத் நடத்திவருகிறது.

பணம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் புத்தகத்திலிருந்தும் இதழ்ச் சந்தாவிலிருந்தும் வருகிறது. இயக்க வேலைக்கு வெளிநாட்டு நிதி வாங்குவதில்லை என்பது அவர்களின் கொள்கை. வெளிநாட்டுக் கைக்கூலி என்ற வசை சைலண்ட் வேலிக் காலத்தில் ஒட்டாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

பரிஷத் ஒரு கட்சியின் துணை அமைப்பு என்கிறார்களே?

உறுப்பினர்களில் இடதுசாரிகள் மிகுதி. இதை யாரும் மறைப்பதில்லை. 1996இல் இடது முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்டத்தில், ஊராட்சிகள் தாங்களே திட்டமிடுவதற்கான பயிற்சியிலும் வள வரைபடம் தயாரிப்பதிலும் பரிஷத்தினர் பெரும்பங்கு வகித்தார்கள். அதனால் அரசுக்கு மிக நெருங்கிவிட்டார்கள் என்ற விமர்சனம் எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எதிர்த்து நின்ற அமைப்பு நிர்வாகத்தில் பங்கெடுக்கத் தொடங்கினால் குரல் சற்று மெலிவது இயல்பு.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. சைலண்ட் வேலியில் அவர்கள் எதிர்த்தது தங்கள் மனதுக்கு நெருக்கமான கட்சியின் நிலைப்பாட்டை. பரிஷத்தின் முன்னணிச் சிந்தனையாளரான எம்.பி. பரமேஸ்வரன், தன் மாற்றுக் கருத்துகளுக்காக 2004இல் மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். திருவனந்தபுரத்துக்கும் காசர்கோட்டுக்கும் இடையே இடது முன்னணி அரசு முன்வைத்த சில்வர்லைன் அரை அதிவேக ரயில் திட்டம் கேரளத்தின் முன்னுரிமை அல்ல என்று பரிஷத் வெளிப்படையாகவே சொன்னது.

வளர்ச்சி எதுவும் வேண்டாம் என்பதுதான் நிலைப்பாடா?

அப்படியிருந்தால் அடுப்பும் பெட்டியும் செய்திருக்க மாட்டார்கள். யாருக்காக, எந்த விலைக்கு, வேறு வழியே இல்லையா என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் ஒரு திட்டத்தைப் பற்றி முடிவெடுக்கிறார்கள். சாலக்குடி ஆற்றில் அதிரப்பள்ளி அருவிக்கு மேலே 163 மெகாவாட் மின்திட்டம் வந்தபோதும், ஆற்றில் வருடம் முழுவதும் அவ்வளவு நீர் இருக்கிறதா என்ற கேள்விதான் முன்னே வந்தது. சைலண்ட் வேலி பூங்காவுக்குச் சற்றுக் கீழே, அதே குந்திப்புழையில், பாத்திரக்கடவுத் திட்டம் என்ற பெயரில் அணை 2000களில் ஒருமுறை தலைநீட்டிப் பார்த்தது. 2007இல் பூங்காவைச் சுற்றி 148 சதுர கிலோமீட்டர் காப்புப் பகுதி அறிவிக்கப்பட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய காட்கில் அறிக்கையில் அவர்கள் எங்கே நின்றார்கள்?

சூழலியலாளர் மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் மத்திய அரசிடம் தந்த அந்த அறிக்கை 2012இல் வெளியானபோது, மலையோர விவசாயிகளிடம் அது வீட்டையும் நிலத்தையும் பறிக்க வந்த ஆவணம்போலப் பரப்பப்பட்டது. அறிக்கையை ஆங்கிலத்தில் படிக்காமலேயே இடுக்கியிலும் வயநாட்டிலும் கடையடைப்புகள் நடந்தன. பரிஷத் அதன் அடிப்படையை ஆதரித்தது. மக்கள் படித்துப் பார்த்துவிட்டு விவாதிக்கட்டும் என்று வலியுறுத்தியது. எதை எங்கே அனுமதிப்பது என்பதைக் கிராம சபைகளிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும் என்று அந்த அறிக்கையிலேயே இருந்தது. ஆனால் அந்தப் பகுதி கூச்சலில் மறைந்துவிட்டது. சைலண்ட் வேலியில் கைகொடுத்த முறை இங்கே கைகொடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே யாருடைய பட்டாவும் இல்லை. இங்கே ஒவ்வொரு சரிவிலும் ஒரு குடும்பம் இருந்தது. 2018 வெள்ளத்துக்கும், 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கையையும் சூரல்மலையையும் அடித்துச் சென்ற நிலச்சரிவுக்கும் பிறகு அந்த அறிக்கையைத் தேடிப் படிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

விருதுகள்?

உண்டு. எழுத்தறிவுப் பணிக்காக யுனெஸ்கோவின் கிங் செஜாங் பரிசு 1990இல் கிடைத்தது. மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது 1996இல் கிடைத்தது.

அந்த அணை வரவிருந்த இடத்தை இன்று பார்க்க முடியுமா?

முடியும். கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக அட்டப்பாடியைக் கடந்தால் முக்காலி வரும். அதற்கு மேல் சொந்த வண்டிக்கு அனுமதி இல்லை. வனத்துறையின் ஜீப்பில், வழிகாட்டியோடு, சுமார் 23 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் குலுங்கிக்கொண்டே சைரந்திரி வரை போகலாம். அங்கே சுமார் 30 மீட்டர் உயரக் கண்காணிப்புக் கோபுரம் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் நான்கு பக்கமும் பச்சை. கீழே மரங்களுக்கிடையே குந்திப்புழை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அணை கட்டியிருந்தால் அந்த வெள்ளைக் கோடு இருக்கும் பள்ளம் முழுவதும் நீருக்கடியில் இருந்திருக்கும். மழைக்காலத்தில் அட்டைக்கடி நிச்சயம். காலுறைக்கு மேலே தடவ மூக்குப்பொடியோ உப்போ எடுத்துப் போவது நல்லது.

சாஸ்திரகதியில் கட்டுரை எழுதி இந்த விவாதத்தைச் சூடாக்கிய எம்.கே. பிரசாத் 2022 ஜனவரியில் காலமானார்.